நாற்பத்தியோராவது ஸ்லைடு

— கையெழுத்து உங்களுதுதானே, மேடம்?

— என்ன திடீர்னு மேடம்? காலையில வரைக்கும் அக்காவா இருந்தேனே.

— காலையில வரைக்கும் இருந்தீங்க. இந்த ஃபாரத்தைப் பாருங்க. கையெழுத்து உங்களுதா, இல்லையா?

— என்னுதுதான். ட்ரே முழுக்கப் போட்டு முடிச்சுட்டேன். நாலு மணிக்குப் பாராட்டு விழா, மூணு மணிக்கே கார் வந்துடும். இந்தப் புடவை சரியா இருக்கா சொல்லு. மேடை வெளிச்சத்துல ரொம்பப் பளபளன்னு…

— பேஷன்ட் வயசைப் படிங்க.

— ஏன், நீயே…

— படிங்க!

— கத்தாத, கதவு திறந்திருக்கு. வயசு… நூத்திப்… நூத்திப் பதினொண்ணா?

— நூத்திப் பதினொரு வயசுக் கிழவிக்குக் கருப்பை வாய் ஸ்லைடு பாத்து, ‘கோளாறு எதுவும் இல்லை’ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வாழ்த்துகள்.

— யாராவது தப்பா எழுதியிருப்பாங்க. இதுக்கா இந்த ஆட்டம் ஆடற?

— ஸ்லைடையும் பாருங்க. இந்தாங்க.

— ஸ்லைடுக்கு என்ன?

— மூலையைப் பாருங்க.

— இரு, வெளிச்சத்துல பிடிக்கறேன்.

— உடைஞ்ச மூலை. தெரியுதா?

— இது எப்படி இந்த ட்ரேக்குள்ள வந்துச்சு?

— பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, மூணு பெரிய டாக்டருங்க ‘ஒண்ணுமில்ல’ன்னு தள்ளிவிட்ட ஸ்லைடு. தற்காலிக வேலையில இருந்த ஒரு பொண்ணு இந்த உடைஞ்ச மூலைக்குப் பக்கத்துல பதினோரு கெட்ட செல்லைக் கண்டுபிடிச்சா. அந்தம்மா பொழைச்சுது. மேடை மேடையா இந்தக் கதையைத்தானே சொல்றீங்க? இன்னிக்கு நாலு மணிக்கும் இதைத்தானே சொல்லப் போறீங்க?

— நீ… களவாணி விட்டியா? எனக்கேவா?

— ஆமா, களவாணிதான். அந்தப் பேரை வெச்சது யாரு? நீங்க. தெரிஞ்ச கெட்ட ஸ்லைடு ஒண்ணை வெள்ளிக்கிழமை ட்ரேல ஒளிச்சு விடணும், அதைத் தவறவிட்டவ ஒரு வாரம் ஸ்லைடுக்குச் சாயம் ஏத்தற ஜாடியைக் கழுவணும். சட்டம் போட்டது யாரு? நீங்க. நான் புதுசா வந்தப்ப ரெண்டு வாரம் கழுவினேன். விரல்ல நீலம் போகவே இல்ல. சாயம் போடற அண்ணன் சிரிச்சுக்கிட்டே சோப்பு குடுப்பாரு. நாற்காலியில உக்காந்ததும் அதை நிறுத்தினது யாரு?

— எல்லாரும் நல்லாத் தேறிட்டாங்க, இனிமே எதுக்குன்னு…

— எல்லாரும் நல்லாத் தூங்கிட்டாங்க!

— பாத்துப் பேசு. இந்த லேப்புக்குத் தலைமை நான்.

— உங்க மைக்ராஸ்கோப் எங்க?

— என்ன?

— மைக்ராஸ்கோப், மேடம். எங்க இருக்கு, காட்டுங்க.

— அதோ… ஷீல்டுங்களுக்குப் பின்னாடி.

— உறையைத் தொட்டாலே விரல் கறுப்பாகுது. பாருங்க. பாருங்கங்கறேன்.

— எனக்கு வேற வேலையே இல்லைன்னு நினைச்சியா? கமிட்டி, மீட்டிங், வெளியூர்லேருந்து வர்ற குழு…

— மீட்டிங்ல எந்தச் செல்லைப் பாக்கறீங்க?

— பதினஞ்சு வருஷம் குனிஞ்சேன்டி. கழுத்தெலும்பு தேஞ்சுபோச்சு. கொஞ்சம் நிமிந்து உக்காரக் கூடாதா நான்?

— தாராளமா உக்காருங்க. கையெழுத்துப் போடாதீங்க.

— வாய் ரொம்ப நீளமாயிடுச்சு உனக்கு.

— நீங்க வளத்த வாய்தானே. நம்ம ரெண்டு பேர் வீட்லயும் நமக்கு முன்னாடி காலேஜ் வாசலை மிதிச்சவங்க கிடையாது. காலேஜ் ஃபாரத்துல ‘பெற்றோர் படிப்பு’ங்கற இடத்துல நீங்களும் கோடு போட்டீங்க, நானும் கோடு போட்டேன். பேப்பர்ல வந்த உங்க ஃபோட்டோவைக் கத்தரிச்சு எங்கம்மா சுவத்துல ஒட்டுனாங்க, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. ‘இந்தப் பொண்ணு மாதிரி வாடி’ன்னாங்க. இப்ப நான் எது மாதிரி வரணும், சொல்லுங்க. இந்த ஷீல்டு மாதிரியா? தூசி தட்டி வெச்சாப் போதும், அப்படியா?

— …போதும்.

— போதாது.

— போதும்னு சொல்றேன்ல! பாக்கல. போதுமா? நாலு வருஷமா எதையும் பாக்கல. முதல்ல பாக்கறவங்க பாத்திருப்பீங்கன்னு நம்பிப் போட்டேன்.

— அது… முதல் ஆள் தவறவிட்டா பிடிக்கத்தானே ரெண்டாவது கையெழுத்து?

— ஆமா. அதுக்குத்தான். ஆமா, இந்த ஸ்லைடை எங்கேயிருந்து எடுத்த?

— உங்க மேஜை டிராயர்லேருந்து.

— என் டிராயர்லேருந்தா?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல. ட்ரேல மிச்சம் நாப்பது இருக்குமே?

— அதுக்குத்தான் வந்தேன். நாப்பதும் நிஜமான பொம்பளைங்க. நாலரை மணிக்கு ரிப்போர்ட் கிளம்பிடும்.

— ஃபோனை இப்படித் தள்ளு… ஹலோ, ரிப்போர்ட் அனுப்பற இடமா? நான்தான் பேசறேன். இன்னிக்கு நாப்பதையும் நிறுத்துங்க… காரணமா? ‘ஸ்லைடைப் பாக்காமலே கையெழுத்துப் போடப்பட்டது’ன்னு எழுதிக்குங்க… ஆமா, போட்டது நான்தான். என் பேரையும் எழுதுங்க. முழுப் பேரா எழுதுங்க.

— அக்கா… அப்படியேவா எழுதச் சொன்னீங்க?

— பின்ன, பாட்டாவா எழுதறது? இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா, ‘அக்கா’ங்கறது? அந்த ஷீல்டுங்களைத் தூக்கித் தரையில வை.

— விழா…

— பூச்செண்டை வேற யாராவது வாங்கிக்கட்டும். உறையை எடு.

— எடுத்தாச்சு. ஏன் தள்ளியே நிக்கறீங்க?

— நிக்கத்தான் செய்வேன். பதினோரு செல்லைப் பாத்த கண்ணு, இப்ப ஒண்ணைக்கூடப் பாக்கலைன்னா? பேர் வாங்கியாச்சு, அதைக் கெடுத்துக்கணுமான்னுதான் இதைத் தொடவே இல்ல. கழுத்து, மீட்டிங் எல்லாம் சும்மா. பயம்டி. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ.

— சிரிக்கல. ஒண்ணாம் நம்பர் வைக்கறேன்.

— எல்லாம் மங்கலா இருக்கு. பாத்தியா, நான் சொல்லல?

— கண்ணு இல்ல, லென்ஸ். துடைங்க.

— உன் நாக்கையும் சேத்துத் துடைக்கணும்… ம். இப்ப வருது. இரு, பேசாத… ஒண்ணு சரி. அடுத்தது.

— ரெண்டு.

— சரி. அடுத்தது.

— …

— மணி என்ன?

— மூணேகால் தாண்டிடுச்சு. பதினெட்டு முடிஞ்சுது. டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டார்.

— அவர் வேலையை அவர் பாக்கறார். பத்தொன்பதை வை… இரு. கையை எடு.

— என்ன?

— கீழ் ஓரம். நீ வந்து பாரு.

— எங்க… எல்லாம் சரியாத்தானே… ஐயோ.

— எண்ணு.

— நாலு… அஞ்சு… ஆறு. ஆறுக்கா.

— வயசு?

— முப்பத்தி நாலு. ரெண்டு குழந்தைங்கன்னு போட்டிருக்கு.

— நாலரைக்கு இவளுக்கு ‘ஒண்ணுமில்ல’ன்னு பேப்பர் போயிருக்கும். நிம்மதியா மடிச்சுப் பைக்குள்ள வெச்சிருப்பா. அடுத்த தடவை வர்றதுக்குள்ள… என்னடி, என்ன? திட்டினதும் நீ, அழறதும் நீயா?

— முதல் கையெழுத்து…

— சத்தமா சொல்லு.

— இதுக்கு முதல் கையெழுத்து என்னுது. நானும் பாக்கல. எப்படியும் நீங்க பாப்பீங்கன்னு போட்டுட்டேன். அந்த நூத்திப் பதினொரு வயசுக் கிழவிக்கும் அப்படித்தான். களவாணியை விட்டது நான் இல்லக்கா, சாயம் போடற அண்ணன். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஸ்லைடையும் ஃபாரத்தையும் கையில குடுத்தாரு. ஒரு வார்த்தை பேசல, சிரிக்கவும் இல்ல. அந்த ஆத்திரத்தைத்தான் கொண்டுவந்து உங்க மேல கொட்டினேன்.

— தெரியும். அந்த ஸ்லைடு என் டிராயர்ல இல்லவே இல்ல. இந்த நாற்காலிக்கு வந்த அன்னிக்கே அண்ணன்கிட்ட குடுத்து, ‘நான் தூங்கிட்டேன்னு தோணுச்சுன்னா இதை உள்ள விடுங்க’ன்னு சொன்னேன். போன வருஷமே விட்டாரு. அப்பவும் பாக்காமத்தான் போட்டேன். கொண்டுவந்து காட்டினாரு. ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ன்னு அவர் வாயை அடைச்சேன். அதான் இந்தத் தடவை என்கிட்ட வரல, உன்கிட்ட வந்திருக்காரு… மூக்கைத் துடை. இருபதை வை. முடிச்சதும் ரெண்டு பேரும் போய் ஜாடி கழுவணும்.