படிக்கக் கொடுக்காமல் ஒட்டிய அறிவிப்பு

கைநாட்டு வைத்த கைகளுக்குக் கையெழுத்தைக் கற்பித்த கனிவே, சொல் தெளிந்தால்தான் செயல் தெளியும் என்று செய்து காட்டிய செம்மையே, முப்பத்து நான்கு ஆண்டுகள் இவ்வலுவலகத்தின் முதுகெலும்பாய் நின்ற எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மையாரே, வணக்கம்!

தங்கள் பணி நிறைவு நாளுக்காக எழுதிய இந்த விளிப்பு முதலில் பதினோரு வரி இருந்தது. தாங்கள் வகுத்த வழக்கப்படி, வரிசையில் முதலில் நின்ற பால்காரரிடம் படிக்கக் கொடுத்தோம். அவர் தடுமாறிய இடமெல்லாம் சிவப்புக் கோடு போட்டோம். மிஞ்சியதைத்தான் இப்போது வாசித்தோம். தங்களுக்கு நாங்கள் மறைவாக வைத்திருந்த பட்டப்பெயர் 'சிவப்புக்கோடு' என்பதையும் இன்று ஒப்புக்கொள்கிறோம்.

தாங்கள் வந்த நாளில் இங்கே மனு எழுதுவது ஒருவர், விரல் வைப்பது வேறொருவர். எதற்கு விரல் வைத்தோம் என்பது வீடு திரும்பிய பிறகும் தெரியாது. அலுவலகம் திறக்கும் முன் ஒரு மணி நேரம், காத்திருப்போர் பெஞ்சிலேயே தாங்கள் பாடம் நடத்தினீர்கள். அரிச்சுவடிக்குப் பதில் குடிநீர் இணைப்பு விண்ணப்பமே பாடப்புத்தகம். 'தண்ணி வரலைங்க' என்று வாய்வார்த்தையாக வந்த புகார், தெருவும் தேதியும் குழாய் எண்ணும் போட்டு எழுத்தில் வரத் தொடங்கியதும், பொறியாளர்களுக்குச் சாக்குப்போக்கு பஞ்சமாயிற்று. சந்தையில் விலைப்பலகையைத் தரகர் வாயால் கேட்டவர்கள் தம் கண்ணால் படித்தார்கள். படித்த ஊர் அலுவலகத்தையும் திருத்தும் என்பதை நாங்கள் வேண்டாவெறுப்பாகக் கற்றுக்கொண்டோம்.

வேண்டாவெறுப்பு என்பது மிகையில்லை. எந்த அறிவிப்பும் வரிசையில் முதலில் நிற்பவர் படித்துப் புரிந்த பிறகே பலகைக்குப் போக வேண்டும் என்றீர்கள். நீண்ட வாக்கியம் என்றால் எங்கள் வரைவு எழுத்தருக்கு உயிர். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இத்தனை வருஷமா எழுதுறேன் மேடம். தக்காளி விக்கிறவங்க வந்து எனக்கு மார்க் போடணுமா?"

"மார்க் இல்ல சார். அவங்களுக்குப் புரியலேன்னா, நாம இன்னும் சொல்லலேன்னுதான் அர்த்தம்" என்றீர்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், தங்கள் தங்கையின் அறுவை சிகிச்சைக்காக ஐந்து வாரம் விடுப்பில் சென்றீர்கள். தாங்கள் சென்ற முதல் வாரமே குளிர்பதனக் கிடங்கு பற்றிய உத்தரவு வந்தது. கிடங்கு வேண்டும் என்று இவ்வூர் விவசாயிகள் முப்பது நாளில் எழுதித் தராவிட்டால் அது ஆற்றுக்கு அக்கரைக்குப் போய்விடும். இதை இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். வரைவு எழுத்தர் ஆசை தீர ஒரு பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக எழுதினார். அதன் வால், 'தெரிவிக்கத் தவறும் பட்சத்தில் தேவையில்லை எனக் கருதப்படும்' என்று முடிந்தது. யாருக்கும் படிக்கக் கொடுக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் 'வரிசையில் படிக்கப்பட்டது' என்று எழுதி, நாங்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, பலகையில் ஒட்டினோம்.

தங்கள் பெஞ்சில் படித்த தக்காளித் தோட்டத்து அம்மா இரண்டு நாள் அதன் முன் நின்றார். பிறகு சன்னலுக்கு வந்தார்.

"சார், எழுத்தெல்லாம் தெரியுது. கிடங்கு வருதுங்கிறீங்களா, வரலேங்கிறீங்களா?"

"வரும்மா, வரும். அதெல்லாம் ஆபீஸ் பாஷை" என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

அவர் நம்பிப் போனார். ஒருவரும் எழுதித் தரவில்லை. கிடங்கு அக்கரைக்குப் போனது. அதை ஒட்டி வரவிருந்த பெட்டித் தொழிற்சாலையும் பின்னாலேயே போனது. விளைச்சல் மிகுந்த மாதங்களில் இங்கே தக்காளி சாலையோரம் கொட்டப்படுகிறது. அந்த அம்மாவின் மகன்கள் இருவரும் அக்கரையில் சுமை தூக்குகிறார்கள். பாடுபட்டுப் படித்த ஊரை, எங்கள் பகட்டு எழுத்து பாழாக்கியது.

கிடங்கு கைநழுவியது பற்றி விசாரணை வந்தது. பதிவேட்டில் இருந்தது பொய் என்று தங்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஆனாலும், "பிரிவு என்னோடது, பொறுப்பும் என்னோடது" என்று மட்டும் சொன்னீர்கள். தங்கள் பதவி உயர்வு நின்றது. நாங்கள் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருந்தோம். அன்று முதல் வரைவு எழுத்தர் தங்கள் மேசையைக் கடக்கும்போதெல்லாம் கையில் ஏதாவதொரு கோப்பைப் புரட்டிக்கொண்டே போவார். தாங்கள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாழ்த்து மடலில் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறையல்ல. ஆனால் இதை விட்டால் வேறு நாள் இல்லை. பதிவேட்டில் எழுதியது பொய், எழுதியவர்கள் நாங்கள் என்று எட்டுப் பேரும் ஒப்பமிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு நேற்று கடிதம் அனுப்பினோம். சின்னச் சின்ன வாக்கியமாக, வரைவு எழுத்தரே எழுதினார். அனுப்பும் முன் தக்காளித் தோட்டத்து அம்மாவிடம் கொடுத்தோம். ஓரிடத்திலும் தடுமாறாமல் படித்து முடித்து, எழுத்தரைப் பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவு சுளுவா எழுத வரும்ல சார் உங்களுக்கு? அன்னிக்கே எழுதியிருந்தா என் பிள்ளைங்க என்கூட இருந்திருப்பாங்களே."

எழுத்தர் கடிதத்தை வாங்கி உறையிலிட்டு ஒட்டினார்.

தங்கையோடும் சுற்றத்தோடும் நோய்நொடியின்றி நூறாண்டு நிறைவாய் வாழ்க, அம்மா. எங்களை மன்னிக்கும்படி இம்மடலில் கேட்கவில்லை.

இங்ஙனம்,
தங்கள் பெயருக்குப் பின்னால் ஐந்தாண்டுகள் ஒளிந்திருந்த
வரைவு எழுத்தர்,
மற்றும் பிரிவுப் பணியாளர் எழுவர்