மேல்மாடத்தைப் பூட்டியவன் பேசுகிறேன்

மன்றத் தலைவர் அவர்களே! இந்த அரங்கம் எழ அல்லும் பகலும் அலைந்த ஆன்றோர்களே! திறப்பு விழாவில் உள்ளே உட்காரலாம் என்று உற்சாகமாக வந்து, வெளியே வெயிலில் வேர்த்து நிற்கும் தாய்மார்களே! தம்பிகளே, தங்கைகளே! தலைநிமிர முடியாத இந்தப் பொறியாளனின் வணக்கம்.

என்ன அண்ணே, "கதவைத் தொறங்கப்பா" என்கிறீர்களா? திறக்க மாட்டேன். மேல்மாடத்தை மட்டுமல்ல, அதன் அடியில் யாரும் உட்காரக் கூடாதென்று அரங்கத்தையே பூட்டியவன் நான்தான்.

முந்தாநாள், மேல்மாடத்தில் நாற்காலிகளை ஏற்றியதும், அதைத் தாங்கும் பீமில் சாய்வாக ஒரு விரிசல் கண்டேன். "பூச்சு விரிசல், பட்டி பார்த்தா போச்சு" என்றேன். என்ன அலட்சியம்! கூட வந்த என் மனைவியும் பொறியாளர்தான். ஏணியை மறுபக்கம் நகர்த்தி ஏறினாள்.

"இங்க வந்து பாருங்க. அந்தப் பக்கம் நடுவைப் பாத்துச் சாயுது, இந்தப் பக்கம் சுவரைப் பாத்துச் சாயுது. பீமையே சுத்திக்கிட்டு வருதுங்க. ஈரத்துணியப் பிழியிற மாதிரி முறுக்குது!"

மேல்மாடம் பீமின் ஒரே பக்கம் நீண்டு நிற்கிறது. அந்தப் பாரம் பீமை வளைக்கிறது, வெட்டுகிறது, முறுக்குகிறது. இந்த அரங்கத்தை வடிவமைத்தபோது வளைவுக்குக் கணக்குப் போட்டேன், தாங்கும் என்று வந்தது. வெட்டுக்குப் போட்டேன், தாங்கும். முறுக்குக்கும் போட்டேன், தாங்கும்! மூன்றும் சேர்ந்து வந்தால் தாங்குமா என்று கேட்டேனா? கேட்கவில்லையே! பாரம் என்ன, வரிசையில் நின்று ஒவ்வொன்றாகவா வரும்? காலி நாற்காலிகளுக்கே விரிசல் விட்ட பீம், நீங்கள் அமர்ந்தால் என்னாகும்? வெட்கமாக இருக்கிறது தாய்மார்களே, உங்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

தலைவர் சற்றுமுன் என் காதில் சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தொறந்துடுவோமேப்பா. மானம் போயிடும்."

போகட்டும் ஐயா! போவது என் மானம்தானே? அதோ முன்வரிசையில் என் அம்மா. காலையில், "எனக்கு மேலதானடா இடம் போட்டிருக்கே?" என்று கேட்டார். இல்லையம்மா. உன்னை அங்கே உட்கார வைக்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னை உட்கார வைக்காத இடத்தில் இவர்கள் வீட்டுப் பிள்ளைகளை எப்படியம்மா உட்கார வைப்பேன்?

கைதட்டாதீர்கள், தயவுசெய்து கைதட்டாதீர்கள்! இது பாராட்டு வாங்கும் வேலை இல்லை. பீமுக்கு முட்டுக் கொடுத்தாகிவிட்டது. பலப்படுத்தி, பாரம் ஏற்றிச் சோதித்த பிறகே கதவு திறக்கும். அதுவரை, இன்று எனக்குப் பரிசளிக்க வைத்திருக்கும் அந்தக் கேடயம் மேசையிலேயே இருக்கட்டும்.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். நாளைக்கும் வந்து திட்ட நீங்கள் எல்லோரும் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.