மச்சானுக்கு ஊற்றிய குவளை

காலையில் இறக்கிய கள்ளை மதியத்துக்குள் குடித்துவிட வேண்டும் போதகரே, அப்புறம் புளித்துப்போகும். நான் தினமும் ஒரே ஒரு குவளை குடிப்பவன். சபை மூப்பராய் இருந்த பத்தொன்பது வருஷமும் அதை ஒளித்ததில்லை. கிருபைக்குள் வந்தவனுக்கு விலக்கப்பட்டது எதுவுமில்லை என்று நீங்களே பிரசங்கம் செய்திருக்கிறீர்கள்.

என் தங்கை ருமோண்டாங்கின் புருஷன் ஜோங்கி அப்படியல்ல. ஒரு குவளை தொட்டால் நாலு நாள் எழுந்திருக்க மாட்டான். மூன்று வருஷத்துக்கு முன் பீடத்தின் முன்னால் முழங்காலிட்டு, இனித் தொடுவதில்லை என்று பொருத்தனை செய்தான். தொடவுமில்லை. தோபா ஏரியில் படகு ஓட்டினான், வீட்டில் வேளைக்குச் சோறு வெந்தது. ஊரே அவனைக் கொண்டாடியது. அவனைப் பார்த்து என் கூட்டாளிகளும் ஒவ்வொருவராகக் குவளையைக் கவிழ்த்தார்கள். நான் குடிப்பதை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

என் பேத்தியின் ஞானஸ்நான விருந்தில் அவனுக்கு ஒரு குவளை ஊற்றி நீட்டினேன்.

"இது மட்டும் வேணாம் மச்சான். வேற என்ன சொன்னாலும் செய்றேன். விருந்துப் பாத்திரம் மொத்தத்தையும் நானே கழுவித் தர்றேன்."

"பொருத்தனைக்குப் பயந்து நடுங்குறியே, இதுவாடா விடுதலை? வேணாம்னா வச்சிடு. உன் இஷ்டம்."

உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். பத்துப் பேர் கேட்டார்கள்.

எங்கள் படாக் இனத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண் கொடுத்த வீடுதான் உசத்தி. அந்த வீட்டார் கையால் கொடுப்பதை மாப்பிள்ளை வீட்டில் யாரும் தட்டக் கூடாது. தட்டினால் வயல் விளையாது, பிள்ளை தங்காது என்பார்கள். ஜோங்கிக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களை ஒருமுறை பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

அப்புறம் அவன் நிறுத்தவே இல்லை. முப்பத்தாறாம் நாள் வெறும் படகு மட்டும் கரைக்கு வந்தது.

அழுதேன் போதகரே. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

புருஷனை இழந்தவளின் தலையில் உலோஸ் துணியைப் போர்த்துவது கூடப்பிறந்தவனின் கடமை. உடல் கரை ஒதுங்கி, அடக்கம் செய்த அன்று அதை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அவரால வேணாம்னு சொல்லியிருக்க முடியுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"முடியும்மா. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலியே."

துணி பிடித்திருந்த என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து தலையைக் கொடுத்தாள். வேணாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அவளும் சொல்லவில்லை.