கடைவாய் வரைக்கும்

கருவேலம்பட்டையை நிழலில்தான் காயவைக்க வேண்டும், அமிர்தம். வெயிலில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் இடித்தால் உமி மாதிரி இருக்கும், துவர்ப்பே இருக்காது. நிழலில் காய்ந்த பட்டையோடு கொஞ்சம் உப்பும் நாலைந்து கிராம்பும் போட்டு இடித்து, மெல்லிய துணியில் சலித்து வைத்துக்கொள். தங்கவேலுக்குக் கிராம்பு வாசனை பிடிக்கும்.

வண்டி பூட்டி நிற்கிறது, உன் அப்பா வாசலில் கனைத்துக்கொண்டிருக்கிறார், இந்த நேரத்தில் இவள் பல்பொடிப் பக்குவம் சொல்கிறாளே என்று நினைக்காதே. நீ கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வருகிறேன். “ஏன்க்கா இப்படிப் பண்ணினே?” என்று கேட்டாய். கழுத்தில் மஞ்சள் கயிற்றின் ஈரம் காய்வதற்குள் ஒரு பெண் ஓரகத்தியைக் கேட்கிற கேள்வியா அது? போகட்டும், கேட்டுவிட்டாய். இந்த விருத்தாம்பாளுக்கு ஒளிக்கிற பழக்கம் இல்லை.

நான் ஏம்பலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது என் கொழுந்தன் தங்கவேலுக்கு மீசை முளைக்கவில்லை. பிறந்ததிலிருந்தே அவன் கை இரண்டும் அவன் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. இந்தப் பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் போகும். நடப்பான். பேச்சோ, கேட்கவே வேண்டாம். கரும்பு வெட்ட வந்தவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவன் அடிக்கிற கிண்டலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் ஒரு கவளம் சோற்றைத் தானே வாய்க்குக் கொண்டுபோக முடியாது. மாமியார் கண்ணை மூடிய பிறகு, சோறு ஊட்டுவதும் பல் தேய்த்துவிடுவதும் என் தலையில் விழுந்தது.

சோறு ஊட்டியதை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் தேய்த்துவிட்டதைத்தான் வாயைப் பிளந்து பார்த்தது. எவள் பெற்ற பிள்ளையோ, அவன் எச்சில் வாய்க்குள் விரலை விட்டுக் கடைவாய் வரைக்கும் தேய்க்கிறாளே, இவளல்லவோ புண்ணியவதி என்றார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அதற்கு முன்பெல்லாம் பக்கத்து வீட்டுத் தையலம்மாள் விசேஷ வீட்டில் என்னைக் கண்டால் குங்குமச் சிமிழை மூடிவைப்பாள். பிறகு அதே தையலம்மாள் தன் மருமகள் வளைகாப்புக்கு முதல் வளையல் போட என்னைக் கூப்பிட்டாள். வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவில் ஊர்த்தலைவர் மேர் வீட்டம்மா நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். எல்லாம் இந்த ஒரு விரலுக்குக் கிடைத்த மரியாதை. எனக்கு அது வேண்டியிருந்தது, அமிர்தம். அவன் இந்த வீட்டில் இருக்கிற வரைக்கும்தான் அது.

அப்புறம் ஆவணியில் உன் அப்பா சம்பந்தம் பேச வந்தார். வில்லியனூர்ச் சந்தையில் மாட்டுத் தரகர் கண்ணையனைத் தெரியாதவர் யார்? உனக்கு ஒரு கால் சூம்பிப்போயிருக்கிறது, இவனுக்குக் கை விளங்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று ஊர் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் தங்கவேல்தான். வீட்டோடு மாப்பிள்ளையாக அவன் வில்லியனூருக்கே வந்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் உன் அப்பா.

“கையும் காலும் சாமி குடுத்தது, அதைப் பத்தி நான் இன்னா பேசறது? வாயி மனுசன் வச்சிக்கிறது. அறுப்பு முடிஞ்சதும் வரேன். புள்ள வாயைப் பாத்துட்டு வெத்தல மாத்திக்கலாம்” என்றார்.

மாடு பிடிக்கிறவர் மாப்பிள்ளை பிடிக்கவும் பல்லைத்தான் பார்ப்பார் போல என்று என் வீட்டுக்காரர் சிங்காரவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அறுப்புக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது.

நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. செய்துகொண்டிருந்ததைக் கொஞ்சம் குறைத்தேன். விரல் முன்பல்லோடு நின்றுகொண்டது. சாப்பிட்டதும் கொப்பளிக்கக் கொடுக்கிற உப்புத் தண்ணீர் நின்றது. அதற்கு ஈடாக, படுக்கப் போகும்போது ஒரு துண்டு வெல்லத்தை அவன் கன்னத்தில் ஒதுக்கிவிட்டேன். நம் ஆலையில் காய்ச்சின வெல்லம், அவனுக்கு உயிர். பாசம் இல்லாதவள் வெல்லம் கொடுப்பாளா?

ஐப்பசியில் ஈறு சிவந்து தடித்தது. கார்த்திகையில் அழுத்தினால் ரத்தமும் சீழும் வந்தது. கரும்பு வெட்டுகிறவர்கள் அவன் பேச்சைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டார்கள். பிறகு கேட்க நிற்பதே இல்லை.

“அண்ணி, உள்ள எரியுது. கொஞ்சம் கடைவாயி வரைக்கும் தேயிங்களேன்.”

“தேச்சிக்கினுதானே இருக்கேன்? இன்னும் எவ்ளோ உள்ள வுடச் சொல்றே?”

அவன் ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கக் கை இருந்ததா என்ன. நான் சொன்னதை நம்பினான்.

டாக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்பாய். சந்தை நாளில் மருந்துப் பெட்டியோடு வந்து உட்காருகிற டாக்டரிடம் முன்னே ஒரு வருஷம் கூட்டிப்போனோம். “கை கால் இழுத்துக்கிறவங்களுக்கெல்லாம் பல்லு பாக்க முடியாது, ஆடாம உக்காரத் தெரிஞ்சா கூட்டியா” என்று அங்கிருந்த கம்பவுண்டர் திருப்பி அனுப்பிவிட்டான். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் கேட்டபோதெல்லாம் நான் அதையே சொன்னேன். பார், அதிலும் பொய் இல்லை.

மார்கழியில் கன்னம் வீங்கி, சோறு இறங்காமல் போயிற்று. கஞ்சியாகக் கரைத்து, மடியில் சாய்த்து ஊற்றினேன். அதைப் பார்த்துத் தையலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்குத்தான் மனது கேட்கவில்லை. ஒரு நாள் வண்டி கட்டிக்கொண்டு போய் டாக்டரை வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார். டாக்டர் குனிந்தார். தங்கவேலின் இடது கை வீசியது. மூக்குக்கண்ணாடி தெறித்து அம்மிக்கல்லில் விழுந்து உடைந்தது. கட்டிப்போட்டு வைத்தால் சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தையில் உன் அப்பா வந்தார். விருந்தாளி வருகிற நாளாயிற்றே என்று அன்று காலையில் முன்பல்லைப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். என் வீட்டுப் பிள்ளை முகம் அழுக்காக இருந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, பார். தப்பு செய்தேன் என்றால் அதுதான் நான் செய்த தப்பு.

உன் அப்பா கட்டை விரலால் அவன் உதட்டைத் தூக்கினார். பிறகு கன்னத்தை இழுத்து உள்ளே பார்த்தார். நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துபோவார் என்று நான் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலைத் துண்டில் துடைத்தார்.

“கெழட்டு மாட்டுக்கு முன்பல்ல ராவி பளபளன்னு ஆக்கி சந்தைக்கு ஓட்டிக்கினு வருவானுங்க. அந்த வேலை எனக்குத் தெரியும். முன்னாடி தேச்ச வெரலு பின்னாடி போவாம நின்னிருக்குது. தெரிஞ்சேதான் நின்னிருக்குது. மாடு நல்ல மாடு, சிங்காரவேலு. கொட்டாயிதான் சரியில்ல.”

தங்கவேல் குறுக்கே பேசினான். “அண்ணி மேல தப்பு இல்லீங்க. நான்தான் வாயத் தொறக்க மாட்டேன்னு அடம் புடிச்சேன்.”

உன் அப்பா என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வெற்றிலையை என் வீட்டுக்காரரிடம் மாற்றிக்கொண்டு, தங்கவேலைத் தன் வண்டியிலேயே ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டுகிற மாதிரி தலையை அக்குளில் இடுக்கிப் பிடித்துக்கொண்டாராம், அங்கே கடைவாய்ப் பல் நாலைப் பிடுங்கினார்களாம். மற்ற பல் நின்றுவிட்டது. கல்யாணமும் ஆயிற்று. நேற்றுத் தாம்பூலம் கொடுக்கப் போனேன், தையலம்மாள் சிமிழை மூடிவைத்தாள்.

ஒன்று மட்டும் உன் அப்பாவுக்கும் தெரியாது. டாக்டரைத் தங்கவேலின் கை தானாக வீசி அடித்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உன்னிடமும் அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான். அவன் இடது முழங்கையின் உள்பக்கம், எலும்புக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடம் இருக்கிறது. அங்கே விரல் பட்டால் போதும், கை வீசிவிடும், அவனால் நிறுத்த முடியாது. டாக்டர் குனிந்தபோது நான் தோளைப் பிடித்துக்கொள்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே தொட்டேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அண்ணன் எவ்வளவு திட்டியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதனால் சட்டை மாட்டிவிடும்போது நீ அந்த இடத்தில் கை படாமல் பார்த்துக்கொள். அவனைப் பெற்றவளுக்குத் தெரியாது, கூடப் பிறந்தவருக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். அவனை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறவள் அவனுக்குக் கெடுதல் நினைப்பாளா, நீயே சொல்.