இடது காலின் வெளி விளிம்பு

கிழமைகள் எனக்கு நினைவில் நிற்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார்ஜென்ட். பிறகு நான் எதையோ மாற்றிச் சொல்வதாக நீங்கள் நினைக்கக் கூடாது. முப்பத்தொரு வருஷமாக என் நாட்களை ஆட்டங்களை வைத்துத்தான் எண்ணி வந்திருக்கிறேன். உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம், பயிற்சி, நீண்ட பேருந்துப் பயணம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதில் நான் தவறலாம். தகடுகளைப் பற்றிச் சொல்வதில் தவற மாட்டேன்.

மேசைமேல் பையில் வைத்திருக்கிறீர்களே, அது நோலன் ஷெவ்சுக்கின் ஸ்கேட்ஸ். பார்த்ததுமே தெரிந்தது. இரண்டு விளிம்பும் சமமா என்று தகட்டின் குறுக்கே ஒரு காசை வைத்துப் பார்த்திருப்பீர்கள். சமமாகத்தான் இருந்திருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ஆர்வோ கிவேலா. தண்டர் பே நகரத்தில் எல்லோருக்கும் கிவி. இங்கே ஐஸ் ஹாக்கி அணியின் சாமான்கள் என் பொறுப்பு. சட்டைகளைத் துவைப்பேன், தலைக்கவசத்தின் திருகுகளை முடுக்குவேன், பைகளைக் கட்டுவேன். இதையெல்லாம் யாரும் செய்துவிடலாம். ஸ்கேட்டுக்குச் சாணை பிடிப்பதுதான் வேலை. தகடு மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கும். சாணைக்கல் அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு சிறு வாய்க்கால் போடும். இரண்டு பக்கமும் விளிம்புகள் நிற்கும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆட்டக்காரன் பனியில் நிற்பது அந்த இரண்டு விளிம்புகளின் மேல்தான்.

எங்கள் உடைமாற்றும் அறையில் ஒரு வழக்கம் உண்டு. சாணை பிடித்துக் கொடுத்ததை ஆட்டக்காரன் சோதித்துப் பார்க்க மாட்டான். காசு வைத்துப் பார்ப்பவனுக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம் போய்விடும் என்பார்கள். வாங்குவான், காலில் மாட்டுவான், போய்விடுவான். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவன்கூட என் எதிரில் காசை எடுத்ததில்லை. இது எவ்வளவு பெரிய மரியாதை என்று வெளியாட்களுக்குப் புரியாது.

எங்களுடையது கீழ் அணி. தெற்கே பெரிய நகரத்தில் இருக்கிற மேல் அணி தன் இளைஞர்களை இங்கே அனுப்பி முற்ற விடும், முற்றியதும் எடுத்துக்கொள்ளும். முன்னால் ஆடுகிறவன் இருபது வயதிலேயே தயாராகிவிடலாம். தடுப்பாட்டக்காரன் அப்படி இல்லை. அவன் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எதிரே வருகிறவனின் மனத்தைப் படிக்க வேண்டும். அவனுக்கு முந்நூறு ஆட்டமாவது ஆகும். இது நான் மட்டும் சொல்வதில்லை, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒருவனை மேலே கூப்பிட்டால், அவன் பெயர் எழுதி மாட்டியிருக்கும் நாடாப் பட்டையைக் கழற்றி என் சாணை அறைச் சுவரில் ஒட்டிக்கொள்வேன். இருபத்திரண்டு பட்டைகள் இருக்கின்றன. அவர்கள் யாரும் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டதில்லை. வேலை இருக்கும். அதில் லாண்டன் பெல் என்ற பையனை இருபது வயதில் அவசரப்பட்டுக் கூப்பிட்டார்கள். ஒன்பது ஆட்டம் ஆடினான். உடைந்துபோய்த் திரும்பினான். இப்போது கூரை ஓடு மாற்றும் வேலை பார்க்கிறானாம். நான் செய்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நீங்கள் பெல்லை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோலன் சஸ்காச்சுவானில் ஒரு கோதுமைப் பண்ணையிலிருந்து வந்தவன். வந்தபோது இருபது வயது, தடுப்பாட்டக்காரன். அதிகம் பேச மாட்டான். பயிற்சி முடிந்ததும் என் அறைக்கு வந்து, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துகொள்வான். வரும்போது ரோஜா நிறக் கிரீம் தடவிய பெர்ஷன் ரொட்டி இரண்டு வாங்கி வருவான், எனக்கொன்று அவனுக்கொன்று. அரைமணி நேரம் சாணைக்கல்லின் சத்தத்தைத் தவிர அறையில் வேறெதுவும் இருக்காது. என் மனைவி போன பிறகு என்னோடு அப்படி உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

மேல் அணியிலிருந்து மாதம் ஒருமுறை விட்டேக்கர் வருவார். இளம் தடுப்பாட்டக்காரர்களின் வளர்ச்சியைக் கவனிப்பது அவர் வேலை. இரண்டாவது வருஷம், அக்டோபரில் என்று நினைக்கிறேன், நடைவழியில் என்னை நிறுத்தினார்.

"கிவி, இந்த ஷெவ்சுக்க அடுத்த மாசமே தூக்கிடலாம்னு பாக்குறேன்."

"இன்னும் பழுக்கல சார். அவசரப்படாதீங்க."

அவர் சிரித்தார். "நீங்க சாணை புடிங்க கிவி. பழுத்துச்சா இல்லையான்னு நான் பாத்துக்குறேன்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை.

அடுத்த முறை அவர் வந்த அன்று, நோலனின் இடது தகட்டை முடித்த பிறகு, வெளி விளிம்பு மழுங்கும்படி கைக்கல்லால் அதில் மூன்று முறை கூடுதலாகத் தேய்த்தேன். மூன்றே மூன்று. கண்ணுக்குத் தெரியாது. நேராகப் போகும்போது காலுக்கும் தெரியாது. இடது பக்கம் வேகமாகத் திரும்பி அந்த விளிம்பில் முழு எடையையும் வைக்கும்போது மட்டும் பனி அவனைப் பிடிக்காது.

முதல் பகுதியில் இரண்டு முறை விழுந்தான். இடைவேளையில் ஸ்கேட்டைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான். கல்லில் ஓட்டிச் சமப்படுத்திக் கொடுத்தேன். மற்ற இரண்டு பகுதியும் நன்றாகவே ஆடினான். ஆனால் விட்டேக்கர் எழுத வேண்டியதை எழுதி முடித்திருந்தார். நோலன் வந்து என் தோளைத் தொட்டான்.

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் கிவி."

அடுத்தவனின் ஸ்கேட்டை எடுத்துக் கல்லில் வைத்தேன்.

ஐந்து முறை செய்தேன். ஐந்து ஆட்டம், ஐந்தும் விட்டேக்கர் வந்த நாள், நான்கில் முதல் பகுதியில் மட்டும் தடுமாற்றம். ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து இதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். எங்கள் ஆட்களில் கிரேடி மட்டும் கிட்டத்தட்ட கண்டுபிடித்தான். அவனும் தடுப்பாட்டக்காரன், வாய் ஓயாதவன்.

"டேய் ஷெவி, விட்டேக்கர் வந்தா மட்டும் ஏண்டா ஐஸ்ல மண்டி போட்டுக் கும்புடுற? வேலையா கேக்குற, வரமா கேக்குற?"

அறையே சிரித்தது. நோலனும் சிரித்தான். அதன் பிறகு பயிற்சி முடிந்ததும் அவன் வாளிமேல் வந்து உட்காரவில்லை. தனியாகப் பனியில் நின்று இடது பக்கம் திரும்பிப் பழகினான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், குளிர்காலம் முழுக்க. உடம்பு இளைத்தது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. நான் தேநீர் போட்டு எடுத்துப்போய், ஆடுகளத்தைச் சுற்றி நிற்கும் பலகைச் சுவர்மேல் வைப்பேன். "எல்லாருக்கும் இப்படி ஒரு வருஷம் வரும்டா" என்பேன். அது பொய் இல்லை.

பிப்ரவரியில் விட்டேக்கர் வந்தபோது வழக்கம்போல மூன்று தேய்ப்புத் தேய்த்தேன். நோலன் ஒருமுறைகூட விழவில்லை. அவ்வளவு பழகியிருந்தான். பிடிக்காத விளிம்பின் மேலேயே நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டான். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு இடது காலை நான் பார்த்ததில்லை. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் அந்தக் கடைசி ஆட்டம். மத்தியானம் நான் அவன் ஸ்கேட்டோடு உட்கார்ந்திருந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அவன் உள்ளே வந்து வாளிமேல் உட்கார்ந்தான். ரொட்டி வாங்கி வந்திருந்தான். தின்னாமல் மடியில் வைத்திருந்தான். என் கையில் கைக்கல் இருந்தது. அதற்குள் மூன்று முறை தேய்த்திருந்தேன்.

"கிவி, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. டிராக்டர் படியில எடது கால் வழுக்கும். விழுந்துட்டுச் சிரிச்சுக்கிட்டே எந்திரிப்பாரு. ரெண்டே வருஷம், சக்கர நாற்காலி. இப்ப அம்மாதான் ஊட்டி விடுறாங்க. அது குடும்பத்துல எறங்குற நோவாம்."

நான் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் வந்துருச்சுன்னு நெனக்கிறேன். ரத்தம் குடுத்துருக்கேன். முடிவு வர நாலு வாரம் ஆகும்னாங்க."

"பிப்ரவரில நல்லாத்தானே ஆடின?"

"நல்லா ஆடல கிவி, சமாளிச்சேன். கால் வழுக்குறது உள்ளுக்குள்ள தெரியுது. வழுக்கும்னு தெரிஞ்சே வைக்கிறேன்." மடியிலிருந்த ரொட்டியைத் திருப்பி வைத்தான். "இன்னைக்கு நல்லா ஆடுனா காலைல ஃப்ளைட்டு. விட்டேக்கரே சொல்லிட்டாரு. அப்பா ஒரே ஒரு ஆட்டத்த டிவில பாத்துட்டாப் போதும். அவருக்குக் கண்ணு மட்டும்தான் இன்னும் நல்லா இருக்கு."

"அடுத்த வருஷம் போனா என்ன?"

"அப்பாவுக்கு அடுத்த வருஷம் இல்ல."

சட்டைகள் காயும் இயந்திரத்தின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. உனக்கு எந்த நோயும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூட வேண்டாம், ஒரு காசை எடுத்து அவன் கையில் கொடுத்திருந்தாலே போதும். இதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். ஆனால் அந்த மனநிலையில் ஒருவனை மேலே அனுப்பினால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். பயந்துபோயிருக்கிற பையன், அப்பாவுக்காக ஆடுகிற பையன். பெல்லைவிட மோசமாக உடைந்திருப்பான்.

அவன் எழுந்தான். "உங்க கை பட்டா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு ரொட்டியில் ஒன்றை என் மேசைமேல் வைத்துப் போனான்.

மூன்று தேய்ப்பு இப்போது அவனுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். இன்னும் ஐந்து தேய்த்தேன்.

முதல் பகுதியில் பதினேழு நிமிஷம் அவன் ஆடியதைப் போல எங்கள் அரங்கத்தில் யாரும் ஆடியதில்லை. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் வலது பக்கம் சுற்றி வந்தான். எதிரியின் மட்டையிலிருந்து ரப்பர் வட்டைப் பறித்துப் பறித்து முன்னால் அனுப்பினான். மேலே உட்கார்ந்திருந்த விட்டேக்கர் மடிக்கணினியை மூடியதை நான் பார்த்தேன். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

பதினெட்டாவது நிமிஷம் வட்டு இடது மூலைக்குப் போனது. அவனுக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தான். வலது பக்கம் சுற்ற நேரமில்லை. நோலன் இடது காலை வைத்துத் திரும்பினான். கால் அவனை விட்டுவிட்டது. குனிந்த தலையோடு பலகைச் சுவரில் போய் மோதினான். எதிரணிக்காரன் அவனைத் தொடவே இல்லை. நான்காயிரம் பேர் இருந்த அரங்கத்தில் குளிர்சாதன எந்திரத்தின் ஓசை கேட்டது.

மருத்துவ உதவியாளரோடு நானும் ஓடினேன். அவன் முகம் ஒருபக்கமாகப் பனியில் படிந்திருந்தது. என்னைப் பார்த்தான்.

"கிவி, காலே தெரியல. வந்துருச்சு. அப்பா மாதிரியே வந்துருச்சு."

அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை. கழுத்தை அசைக்காமல் தூக்குப் படுக்கையில் வைத்தார்கள். ஸ்கேட்டைக் கழற்றுவது என் வேலை. நாடாவைக் கத்தரித்துக் கழற்றினேன். கழற்றியது அவன் காலுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பும் சத்தம் கேட்டபோது நான் சாணை அறையில் இருந்தேன். இரண்டு விளிம்பும் சமமாகும்வரை இடது தகட்டைக் கல்லில் ஓட்டினேன். அதனால்தான் உங்கள் காசு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தகடுகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரே நாளில் வாங்கிய ஜோடி, இடது மட்டும் மயிரிழை குட்டையாக இருக்கும். இத்தனை முறை நான் சமப்படுத்தியதில் தேய்ந்தது அது.

நான்கு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவனுக்கு நோய் இல்லை. பிறகு ஏன் விழுந்தான் என்று அவன் அம்மா கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்விதான் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

மற்றவர்களைப் பற்றியும் கேட்டீர்கள். நோலன் பண்ணை வீட்டில் இருக்கிறான். கழுத்துக்குக் கீழே வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அசையும். அவன் அப்பா ஆகஸ்டில் இறந்துபோனார். கடைசி இரண்டு மாதம் அப்பாவும் மகனும் ஒரே அறையில் இருந்தார்கள். கிரேடி நோலனுக்குப் பதிலாக மேலே போனான், பதினான்கு ஆட்டம் ஆடித் திரும்பி வந்தான். விட்டேக்கர் அந்த வேலையை விட்டுவிட்டார். சாணை அறையில் இப்போது வேறொருவர் இருக்கிறார், நல்ல கைதான். சுவரில் இருபத்திரண்டு பட்டைகள் அப்படியே இருக்கின்றன. நோலனுடைய பட்டையை நான் ஒட்டவில்லை, அவன் மேலே போகவில்லையே. அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஞாயிறு தோறும் மூன்று மணிக்கு அவன் கூப்பிடுவான். அவன் அம்மா தொலைபேசியைக் காதருகே பிடித்துக்கொள்வார். அதிகம் பேச மாட்டோம். பேசாமலே அரைமணி நேரம் போய்விடும். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவன்கூடக் கூப்பிட்டதில்லை, இவன் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் நான் தொலைபேசிப் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காவிட்டால் பையன் கவலைப்படுவான்.