பூட்டு நட்டு

படகு கிளம்பாவிட்டால் எல்லாரும் முதலில் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் பேட்டரி மேல் தப்பிருக்காது. லைட் பளிச்சென்று எரிந்து, சாவியைத் திருப்பினால் 'டக்' என்று மட்டும் சத்தம் வந்தால், இன்ஜினில் மாட்டிய எர்த் வயரைப் பாருங்கள். அந்த நட்டு தளர்ந்திருந்தால் ஸ்டார்ட்டரும் சுற்றாது, சார்ஜும் சரியாக ஏறாது.

வாக்குமூலத்தை நான் சொல்கிறபடியே எழுதுங்கள் ஐயா. உங்கள் சரக்கைச் சேர்க்காதீர்கள்.

மருமகன் வேறு ஊரில் வீடு பார்த்துவிட்டான். திங்கட்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதாக எனக்குச் சொன்னது பக்கத்துப் பட்டறைக்காரன். வீட்டில் இருவரும் வாய் திறக்கவில்லை. அவனுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. படகு கடலில் நின்றுபோய், நான் போய் இழுத்து வந்தால், மாமன் இல்லாமல் ஆகாது என்று புத்தி வரும். ஞாயிறு காலை அவன் தனியாகத்தான் போவான். அந்த எர்த் நட்டை இரண்டு சுற்று தளர்த்தி வைத்தேன். கரையில் ஒரு தடவை கிளம்பிவிடும்; அலையில் குலுங்கியபின் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.

மத்தியானம் போன் வந்தது. பேட்டரி முனையைச் சுரண்டச் சொன்னேன், சுரண்டினான். மறுபடி திருப்பச் சொன்னேன், திருப்பினான். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று சாப்பிட உட்கார்ந்தேன்.

இரண்டாம் தடவை கூப்பிட்டபோது காற்று மாறியிருந்தது. உள்ளே கசியும் தண்ணீரை இறைக்கிற பம்பும் அதே பேட்டரியில்தான் ஓடும். பம்பு முனகுகிறது என்றான். பிறகு போன் கைமாறியது.

"அப்பா, நானும்தான் வந்திருக்கேன். இவருக்குச் சொல்லிப் புண்ணியமில்லை. ஸ்பானர் என் கையில இருக்கு, எதை முடுக்கணும்னு சொல்லுங்க."

அந்த நட்டின் மேல் பூட்டு நட்டு ஒன்று உண்டு. தானாகக் கழலாது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அது கழன்றிருப்பதைப் பார்த்தால், கழற்றிய கை யாருடையது என்று கேட்கவே மாட்டாள், புரிந்துகொள்வாள்.

"பேட்டரி போச்சும்மா. அசையாம இருங்க, வரேன்," என்றேன்.

வேறு படகில் வேகமாகத்தான் போனேன். படகு இல்லை, டீசல் கேன் ஒன்று மட்டும் மிதந்தது. மறுநாள் இருவர் உடலையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போதெல்லாம் யாராவது 'டக்' என்று லைட் சுவிட்ச் தட்டினாலும் போனைக் காதில் வைத்து, "சொல்லும்மா" என்கிறேன். அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கிறது. அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மூச்சு வரை என் மகளுக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை. அந்த மட்டில் நான் அவளைக் காப்பாற்றிவிட்டேன்.