ரேஷன் கார்டுக்கு ஒரு நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் ராதிகா அவர்களே, அறக்கட்டளையின் மூத்த உறுப்பினர் கண்ணாயிரம் அண்ணன் அவர்களே, சின்னசேலத்திலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, குஞ்சம்மாள் அக்காவால் பேர் பெற்ற எங்கள் ஊர் மக்களே! உங்கள் எல்லோருக்கும் உரக்கடை பச்சமுத்துவின் கண்ணீர் கலந்த வணக்கம்.

கண்ணீர் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், இன்று எனக்குத் துக்கம் கம்மி, பெருமைதான் ஜாஸ்தி. அழ வேண்டியதை அழுதாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. இன்று நான் பெருமைப்பட்டுக்கொள்ள வந்திருக்கிறேன்.

யார் இந்தக் குஞ்சம்மாள்? சங்கீதம் படித்தவரா? இல்லை. சலங்கை கட்டி ஆடியவரா? இல்லை. மரவள்ளிக்கிழங்கு வியாபாரி! ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு லோடு அனுப்பியே தலை நரைத்தவர். ஒரு ராகத்தின் பேர்கூட அவருக்குத் தெரியாது. நாகஸ்வரம் நன்றாக இருந்தால் "இன்னாமா இழுக்கறாரு!" என்பார். நன்றாக இல்லாவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய விமர்சனம் அவ்வளவுதான்.

நம் மாரியம்மன் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டாரின் உபயம். அன்றைக்கு அந்த வீட்டாருக்குத்தான் பரிவட்டம், அந்த வீட்டார் பேர்தான் மைக்கில். பத்து நாளும் நாகஸ்வரமும் தவிலும் ஊரையே அதிர வைக்கும். ஒரு வருடம், திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அக்கா என் கடைக்கு வந்தார். உரம் வாங்க வரவில்லை.

"ஏம்பா பச்சமுத்து, காதே காலியா இருக்குதே. வருசம் பூரா கேக்கறதுக்கு இன்னா வழி?"

"நம்ம புள்ளைங்களே கத்துக்கினா கேக்கலாம்க்கா. வாத்தியாருக்கு யாரு சம்பளம் குடுக்கறது?"

"எங்கிட்ட ரெண்டு ஏக்கரா கெடக்குது. அது குடுக்கும்."

அறக்கட்டளை பிறந்தது இப்படித்தான் ஐயா! நிலத்தை யாரும் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. குத்தகையில் வருவதை வைத்து நாகஸ்வரம், தவில், பரதம் மூன்றுக்கும் ஆசிரியர் வைப்பது. ஊரார் முடிந்ததைக் கொடுத்தால் வங்கியில் போட்டு வட்டியை மட்டும் எடுப்பது. இதை விளக்கிச் சொல்ல சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டினோம்.

நாங்கள் மணிக்கணக்கில் விளக்கினோம். ஊர் என்ன கேட்டது தெரியுமா? "எங்க நாளு எது?" என்று கேட்டது! நாம் உபயத்தைத்தானே கண்டிருக்கிறோம்? கொடுத்தால் ஒரு நாள் வேண்டும், நாள் இருந்தால் மரியாதை வேண்டும். இதோ மேடையில் இருக்கும் கண்ணாயிரம் அண்ணன்தான் முதலில் எழுந்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே. "கோயில்ல மூணாம் நாளு எங்களுது. இதுலயும் மூணாம் நாளு எங்களுக்குத்தான்" என்றார். அந்த மூன்றாம் நாளுக்கு அங்கேயே இன்னும் நாலு பேர் போட்டி. சண்டைக்குத் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

நானாக இருந்தால் மைக்கை அணைத்துவிட்டு ஓடியிருப்பேன். அக்கா என்ன செய்தார்? சிரித்தார்!

"பத்து நாளுக்கு இன்னாத்துக்கு இப்டி அடிச்சிக்கினு இருக்கீங்க? வருசம் பூரா நாளுதான். ரேஷன் கார்டு இருக்கிற வூட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு நாளு. அன்னிக்கு சாயந்தரம் கிளாஸ்ல அந்த வூட்டுக்காரங்கதான் முன்வரிசை. அவங்க பேருதான் மைக்குல."

கூட்டம் கைதட்டியது. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "காலனிக்காரங்களுக்கும் நாளா? அவங்க இன்னா குடுத்தாங்க?"

கேட்டவரின் பேர் வேண்டாம். அக்கா சொன்ன பதில் மட்டும் போதும். "நீங்க குடுக்கறது வயக்காட்டுல வெளைஞ்சதுதானே? அதை நட்டது யாரு, அறுத்தது யாரு? எல்லா வூட்டுக்கும் நாளுன்னா பத்திரத்துல கையெழுத்துப் போடறேன். இல்லாங்காட்டி மரவள்ளியே நட்டுக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஊர் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டது. அக்கா இறங்கவில்லை. கடைசியில் கண்ணாயிரம் அண்ணனே அவர் வீட்டுக்குப் போய், "எல்லா வூட்டுக்கும் நாளுன்னே எழுதும்மா" என்றார். மைக்கில் பேர் வரும் ஆசை அவரையும் விடவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் இறங்கிவராவிட்டால் இந்த அறக்கட்டளை இல்லை. அதையும் இந்த அவையில் நான் சொல்லத்தான் வேண்டும்.

இன்று பாருங்கள்! தவில் ஆசிரியர் ஜீவா திருக்கோவிலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார். மலையிலிருந்து பெண்பிள்ளைகள் இறங்கிவந்து பரதம் பழகுகிறார்கள். உளுந்தூர்பேட்டையில் கல்யாணம் என்றால் மேளத்துக்கு நம் ஊருக்கு ஃபோன் வருகிறது! இது யார் சாதனை? ராகம் தெரியாத என் அக்காவின் சாதனை!

இனி இந்த அறக்கட்டளையின் பொருளாளராகப் பேசுகிறேன். அக்கா கண்ணை மூடிய நாள் காலனிப் பாவாடை வீட்டு நாள். சுண்டலுக்கு ஊறப்போட்ட கடலையை அப்படியே விட்டுவிட்டு, அவரும் அவர் மனைவி பச்சையம்மாளும் ஓடிவந்தார்கள். அன்று கிளாஸ் நடக்கவில்லை. போன வாரம் கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. அடுத்த வருடத்திலிருந்து அந்த நாளை 'குஞ்சம்மாள் நாள்' ஆக்கிவிடலாம் என்று. பாவாடையும் கையைக் கட்டிக்கொண்டு, "அக்காவுக்கே வெச்சிடுங்க. எங்களுக்கு வாணாம்" என்றார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் நான் ஒப்பமாட்டேன். ஒரு வீட்டு நாளை மாலையும் கையுமாக வந்து எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். இன்று அக்காவுக்காக ஒன்று எடுப்போம். நாளை ஒரு தலைவருக்காக ஒன்று, மறுநாள் ஒரு பணக்காரருக்காக ஒன்று. எடுப்பதெல்லாம் எந்தத் தெருவிலிருந்து எடுப்போம் என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருந்தது.

அப்படியானால் அக்காவுக்கு நாளே இல்லையா? இருக்கிறது. பத்திரம் எழுதிய அன்று நான் கேட்டேன், "உனக்கு எந்த நாளுக்கா?" என்று. "லீப் வருசத்துல பிப்ரவரிக்கு ஒரு நாளு ஜாஸ்தியா வருமே, அதை எனக்குப் போடுப்பா. அதுக்கு எவனும் சண்டைக்கு வரமாட்டான்" என்றார். அந்த நாளில் அக்காவுக்கு விழா எடுப்போம். மற்ற எல்லா நாளும் மற்றவர்களுடையது. நான் இருக்கும்வரை ஒரு வீட்டு நாளையும் யாரும் தொட விடமாட்டேன். எனக்குப் பிறகு வருபவர்களும் தொடக் கூடாது. அக்காவுக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுதான்.

மௌன அஞ்சலி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், அது கிடையாது. காது காலியாக இருந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. நின்றுபோன நாளை இப்போதே நடத்திவிடுவோம். ஜீவா தவிலை எடுக்கட்டும். பாவாடையின் மகள் எழில்மதி நாகஸ்வரத்தை எடுக்கட்டும். கண்ணாயிரம் அண்ணே, நீங்களே மைக்கைப் பிடித்து அறிவியுங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் எழுந்து இடம் கொடுங்கள்.

பாவாடை, பச்சையம்மா, முன்னாடி வாங்க. இன்னிக்கு உங்க வூட்டு நாளு.